படித்தரமும் பாகப்பட்டியலும்: பொருட்குடும்ப வடிவமைப்பில் கணினி எதை நினைவில் வைக்க வேண்டும்?

திருமலை மடைப்பள்ளியில் லட்டுக்குரிய சரக்குகளின் அளவைக் கூறும் பட்டியலுக்குத் ‘திட்டம்’ என்று பெயர். விரித்துச் சொன்னால் படித்தரத் திட்டம். அங்கு ‘படி’ என்பது 51 உருப்படிகளைக் குறிக்கும் கணக்கு. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நூறு படிக்கு, அதாவது 5,100 லட்டுக்கு, நெய் 165 கிலோ, கடலைமாவு 180 கிலோ, சர்க்கரை 400 கிலோ, முந்திரி 30 கிலோ, உலர்திராட்சை 16 கிலோ, கற்கண்டு 8 கிலோ, ஏலக்காய் 4 கிலோ. ஆக மொத்தம் 803 கிலோ. இவ்வளவுகள் 1950இல் முதன்முதலாக வரையறுக்கப்பட்டன. அடியார் கூட்டம் பெருகப் பெருகப் பட்டியலும் பலமுறை திருத்தம் கண்டது.

இப்பட்டியலிலிருந்து பிறப்பது ஒரே பொருள் அன்று. பொதுமக்களுக்கு வழங்கப்படும் புரோக்த லட்டு 175 கிராம். திருக்கல்யாண உற்சவத்தில் பங்குகொள்வோர் பெறும் கல்யாணோற்சவ லட்டு அதனினும் பெரிது. சிறப்பு நாள்களுக்கு மட்டும் உரிய ஆஸ்தான லட்டு 750 கிராம். அதில் முந்திரி, பாதாம், குங்குமப்பூ ஆகியவை கூடுதலாகச் சேரும். பூந்தியும் பாகும் நெய்யும் எல்லாவற்றுக்கும் பொது. அளவும் சேர்மானமும் வேறு. பொறியியல் வடிவமைப்புத் துறை இத்தகைய அமைப்பைப் பொருட்குடும்பம் என்று அழைக்கிறது. பொதுவாக நிற்பது தளம்; அதன்மேல் வேறுபடுபவை வகைகள். திருமலை லட்டுக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் தனித்தன்மைக்குச் சட்டம் தந்த ஏற்பு அது. ஆயினும் ஒரு பொருளின் தனித்தன்மை எங்கே குடியிருக்கிறது, பட்டியலிலா, பட்டியலுக்கு வெளியிலா என்ற கேள்விக்குக் குறியீட்டுச் சான்றிதழ் விடை தருவதில்லை.

பொருட்குடும்ப வடிவமைப்புக்குக் கணினிவழி அறிவுத்துணை வழங்குவது பற்றிய ஆய்வுகள் கடந்த ஐம்பதாண்டுகளாகச் சந்திக்கும் கேள்வியும் இதுவே. உறவுடைய பல பொருள்களை வடிவமைக்கும் பொறியாளருக்குக் கணினி எதை நினைவூட்ட வேண்டும்? பாகங்களின் பெயரும் அளவும் விலையும் போதுமா? அவை அவ்வாறு அமைந்ததற்கான காரணமும் வேண்டுமா? ஆய்வுலகின் பெரும்பகுதி முதல் விடையோடு நின்றுவிட்டது. குடும்பத்தில் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குப் பாகம் மட்டும் கைமாறி, காரணம் கைமாறாமல் போனால், கணினி செய்வது பிழையை விரைவுபடுத்துவதே. இத்துறையில் இறங்கும் ஆய்வு மாணவர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

பாகப்பகிர்வின் பயனை மறுப்பதற்கில்லை. 1970களில் அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் தன் கைக்கருவிகள் அனைத்துக்கும் இரட்டை மின்காப்பு அளிக்க முனைந்தபோது, துளையிடும் கருவி முதல் இரம்பம் வரை எல்லாவற்றிற்கும் ஒரே விட்டமுடைய மோட்டாரை வடிவமைத்தது. மோட்டாரின் நீளத்தை மட்டும் கூட்டியும் குறைத்தும் வேண்டிய ஆற்றல் பெறப்பட்டது. அச்சும் ஒன்று, உற்பத்தி வரிசையும் ஒன்று, பழுதுபார்ப்போருக்கான பாடமும் ஒன்று. மேயரும் லேனர்டும் 1997இல் பொருள்தளங்களைப் பற்றி எழுதிய நூலின் வழியாக இவ்வெடுத்துக்காட்டு உலகெங்கும் பாடமாயிற்று.

கணினி இத்துறையில் நுழைந்த வரலாறும் அறியத்தக்கது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் விற்ற வாக்ஸ் கணினிகள் வாங்குவோரின் தேவைக்கேற்பப் பல வகைகளாக இணைக்கப்பட்டன. கொள்முதல் ஆணையில் ஒரு கம்பிவடம் விடுபட்டாலும் கணினி வாடிக்கையாளரின் இடத்தில் இயங்காது நிற்கும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மட் 1978இல் தொடங்கிய, பின்னர் எக்ஸ்கான் எனப் பெயர்பெற்ற மென்பொருள், ‘இது இருந்தால் அது வேண்டும்’ என்னும் விதிகளால் இச்சிக்கலைத் தீர்த்தது. சில நூறு விதிகளோடு 1980இல் பணிக்கு வந்த அது, அப்பத்தாண்டின் இறுதிக்குள் பத்தாயிரம் விதிகளைத் தாண்டியது. புதிய பாகம் வரும்போதெல்லாம் விதிகளை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு விதி எதற்காக எழுதப்பட்டது என்பது விதிக்குள் இல்லாதபோது, அதை நீக்கலாமா என்று தீர்மானிக்க எழுதியவரைத் தேடிச் செல்ல வேண்டும். அவர் பணிமாறிச் சென்றிருந்தால் விதி அப்படியே கிடக்கும். பொருள் தெரியாவிட்டாலும் எவரும் தொட அஞ்சுவர். அறிவுத்தளம் என்று பெயர்பெற்ற ஒன்று மெல்ல மெல்லச் சடங்குத்தளமாகும் வழி இதுதான்.

இப்படிப்பினைக்குப் பிறகும் ஆய்வுகள் எண்ணத்தக்கதையே எண்ணிக்கொண்டிருக்கின்றன. பொருட்குடும்ப ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்போருக்கு ‘பத்து மோட்டார்கள்’ நன்கு பழகிய கணக்கு. சிம்ப்சனும் உடனாய்வாளரும் அமைத்த அக்கணக்கில் பத்து மின்மோட்டார்களுக்கிடையே எத்தனை அளவுகளைப் பொதுவாக்கலாம் என்று காண வேண்டும். அமைத்தவர்களின் நோக்கத்துக்கு அது முற்றிலும் பொருந்தியது. பின்வந்தோர் அதையே மரபணு நெறிமுறையால் ஒருமுறை, துகள்திரள் முறையால் ஒருமுறை, வேறொன்றால் மற்றொருமுறை எனத் தீர்த்துவருகின்றனர். ஒவ்வொரு தடவையும் பொதுமைக் குறியீட்டெண் சற்றே உயரும், கட்டுரையும் வெளியாகும். அந்தப் பத்து மோட்டார்களுக்குத் தொழிற்சாலை இல்லை, ஓய்வுபெற்ற பொறியாளர் இல்லை, தரம் குறைந்த செம்புக்கம்பியை அனுப்பிய வணிகர் இல்லை. அவற்றுக்குக் காரணங்களே கிடையா. ஆகவே காரணங்களைச் சேமிக்க வேண்டும் என்ற எண்ணமும் அக்கணக்கிலிருந்து எழாது.

காரணம் கைமாறாததன் விலை எவ்வளவு என்பதற்கு அண்மைக்கால வானூர்தி வரலாறு சான்று. போயிங் 737 என்பது 1967இல் முதன்முதலாகப் பறந்த ஒரு நெடுங்குடும்பம். அதன் மேக்ஸ் வகையில் பெரிய எந்திரங்கள் முன்னும் மேலுமாகப் பொருத்தப்பட்டதால் பறக்கும் பண்பு சில நிலைகளில் மாறியது. முந்தைய வகையை ஓட்டிய விமானிகள் பாவனைப்பொறிப் பயிற்சியின்றியே இதையும் ஓட்டவேண்டும் என்பது வணிக நோக்கம். மாற்றத்தை மறைக்க எம்காஸ் என்னும் தானியங்கி மென்பொருள் சேர்க்கப்பட்டது. அதே பெயருடைய அமைப்பு போயிங்கின் கேசி-46 எரிபொருள் நிரப்பு வானூர்தியிலும் உண்டு. அங்கே அது இரண்டு உணரிகளின் அளவுகளை ஒப்பிட்ட பிறகே இயங்கும். மேக்ஸில் ஒற்றை உணரியை நம்பி இயங்கியது. 2018 அக்டோபர் 29 அன்றும் 2019 மார்ச் 10 அன்றும் நேர்ந்த இரு விபத்துகளில் 346 பேர் மாண்டனர். அமைப்பின் பெயர் ஒரு வகையிலிருந்து மற்றதற்குச் சென்றது. இரண்டு உணரிகள் ஏன் வேண்டும் என்ற காரணம் உடன் செல்லவில்லை. பொதுமைக் குறியீட்டெண்ணால் மட்டும் அளந்தால் மேக்ஸ் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கும்.

இதே அளவுகோலோடு திருமலைப் பட்டியலை மீண்டும் நோக்கலாம். ஏழு சரக்குகள் அதில் உள்ளன. தீ அதில் இல்லை. 1984 வரை மடைப்பள்ளியில் விறகு எரிந்தது. பின்னர் எரிவாயு வந்தது. தீ மாறினால் சட்டியின் வெப்பம் ஏறும் வேகமும், பூந்தி பொரியும் நேரமும், பாகின் பதம் பார்க்கும் நொடியும் மாறும். இம்மாற்றத்தைச் சமாளித்த அறிவு செய்பவர் கையில் இருந்தது, 803 கிலோ என்ற கூட்டுத்தொகையில் அன்று. பாகு கம்பிப்பதத்தில் நிற்கிறதா என்று இரு விரலால் பார்ப்பவருக்குத் தெரிந்ததைப் பட்டியல் ஒருபோதும் கேட்டதில்லை.

நெய்யின் நிலை இன்னும் கூர்மையானது. 2024 செப்டம்பரில் லட்டுக்காக வாங்கப்பட்ட நெய்யின் தூய்மை குறித்துப் பெருஞ்சர்ச்சை எழுந்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. குற்றம் எவருடையது என்பது விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய பொருள். வடிவமைப்பியல் மாணவர் காணவேண்டியது வேறு. புரோக்தம், கல்யாணோற்சவம், ஆஸ்தானம் ஆகிய மூன்றிலும் நெய் பொதுச்சரக்கு. பொதுவான ஒன்றில் ஐயம் எழுந்தால் குடும்பம் முழுவதும் ஒரே நாளில் ஐயத்துக்குள்ளாகும். பொதுமை கூடக் கூடச் செலவு குறைகிறது என்பது பாதி உண்மை. பொதுவான உறுப்பைச் சோதிக்கும் பொறுப்பு அதே அளவுக்குப் பெருகுகிறது என்பது மறுபாதி. ‘நெய் 165 கிலோ’ என்ற வரி அளவைச் சொல்கிறது. எதை நெய் என்று ஏற்பது, எந்தச் சோதனையால் ஏற்பது, அச்சோதனையை ஏமாற்றக்கூடிய கலப்பு எது, மறுக்கும் அதிகாரம் யாருக்கு என்பவற்றை அந்த வரி சொல்லாது. இவற்றையும் அந்த வரியோடு பிணைத்து வைப்பதே அறிவுத்துணை. பட்டியலை மட்டும் கணினியில் ஏற்றுவது எழுத்தர் பணி.

பிணைத்து எழுதும் மரபு திருமலைக்குப் புதிதன்று. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1930களில் ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை தமிழ்க் கல்வெட்டுகள். விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி, மனோகரப்படி எனப் பணியாரங்கள் வகைவகையாக வருகின்றன. அரிசி, நெய், பயறு, மிளகு முதலியவற்றின் அளவுகள் வருகின்றன. அவற்றோடு நில்லாமல், பொன் கொடுத்தவர் யார், எந்த விழாநாளுக்காகக் கொடுத்தார், அப்பொன்னைக்கொண்டு கோயில் ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டிக் கூடிய விளைச்சலிலிருந்து இப்படையல் எவ்வாறு நடக்கும், படைத்தபின் கொடுத்தவருக்குரிய விட்டவன் விழுக்காடு எவ்வளவு, எஞ்சியது யாருக்கு என்பனவும் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டன. கால்வாய் தூர்ந்தால் எந்தப் படையல் நிற்கும் என்பதைக் கல்லைப் படித்தே அறியலாம். அளவு, காரணம், சார்பு, பொறுப்பு ஆகிய நான்கும் ஒன்றாக நின்றன. கல்லுக்கு ஒரே குறை, அதைத் திருத்த முடியாது. கணினிக்கு அக்குறை இல்லை. ஆனால் கணினிக்குள் புகுந்தபோது நான்கில் அளவு மட்டுமே புகுந்தது.

மலையடிவாரத் தொழிற்சாலைகளிலும் இக்கேள்வி உயிரோடு இருக்கிறது. திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீசிட்டியில் 2016 ஏப்ரலில் தொடங்கிய இசுசூ ஆலையில் டி-மேக்ஸ் சரக்கு வண்டியும் எம்யூ-எக்ஸ் பயணிகள் வண்டியும் உருவாயின. இரண்டும் ஏணிச்சட்டக அடித்தளத்தைப் பகிரும் உறவினங்கள். சுமைக்காக விறைப்பாக அமைந்த பின்புற வில்லைப் பயணிகள் வண்டிக்கு அப்படியே கொண்டுசெல்ல இயலாது. ஏன் இயலாது என்பது வில்லின் வரைபடத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் அமர ராஜா நிறுவனம் மின்கலங்கள் செய்கிறது. காருக்கான ஈயமின்கலமும் மின்தடைக் காலத்தில் கணினிக்கு உதவும் மின்கலமும் தோற்றத்தில் உடன்பிறப்புகள். முன்னது நொடிப்பொழுதில் பெருமின்னோட்டம் தர வேண்டும். பின்னது நெடுநேரம் சீராக இறங்க வேண்டும். தகட்டின் தடிப்பு அதனால் வேறாகிறது. ‘தடிப்பு இவ்வளவு’ என்ற பதிவு மட்டும் இருந்தால், செலவைக் குறைக்க எண்ணும் புதிய பொறியாளர் இரண்டையும் ஒன்றாக்கலாமே என்று நினைப்பது இயல்பு.

காரணங்களை எழுதிவைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு எதிராக வலுவான வாதம் ஒன்றுண்டு. அது முன்பே முயலப்பட்டது, பெரிதாக வெல்லவில்லை. 1970இல் குன்ஸும் ரிட்டலும் சிக்கல், நிலைப்பாடு, வாதம் என்ற மூன்றடுக்கில் முடிவுகளைப் பதியும் முறையை முன்வைத்தனர். அதன்வழி எழுந்த மென்பொருள்கள் பலவும் பயனரின்றி ஓய்ந்தன. வேலை நெருக்கும்போது பொறியாளர் வாதங்களை வரைந்துகொண்டிருக்கமாட்டார். எழுதுபவர் ஒருவர், பயன்பெறுபவர் பத்தாண்டு கழித்து வரும் வேறொருவர். இவ்வாதம் உண்மையானது. ஆனால் அது காட்டுவது, எல்லாவற்றையும் எழுதச் சொன்னால் எதுவும் எழுதப்படாது என்பதை மட்டுமே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான டிரெட் என்னும் கருவி, பொறியாளர் சிந்திக்கும்போதே வரையும் படமாகக் காரணத்தைப் பதிந்ததால் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. அதே பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் வெஸ்ட்லண்ட் ஹெலிகாப்டர்களை ஆராய்ந்து, ஒரு பாகத்தின் மாற்றம் எந்தெந்தப் பாகங்களுக்குப் பரவும் என்று முன்கணிக்கும் முறையை 2004இல் வெளியிட்டனர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி புலப்படும்: பாகம் பிறக்கும்போது எழுதாவிட்டாலும், அது மாறும்போதாவது எழுத வேண்டும். மாற்றத்தின்போதுதான் காரணம் எல்லோர் வாயிலும் இருக்கும்.

மொழி மாதிரிகள் பெருகிய இக்காலத்தில் வேறொரு குறுக்குவழி கவர்ச்சி காட்டுகிறது. பழைய வரைபடங்களையும் பாகப்பட்டியலையும் இயந்திரத்திடம் கொடுத்து, ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்டால் சரளமான விடை வரும். ஈயத்தகட்டின் தடிப்புக்கு நம்பத்தக்க விளக்கம் கிடைக்கும். அது பாடநூலின் பொதுக்காரணமாக இருக்கும். அந்த ஆலையில் அந்த ஆண்டு அந்த முடிவு எடுக்கப்பட்டதன் காரணமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. காரணமில்லாத பட்டியல், தன் வெறுமையையாவது வெளிக்காட்டும். புனைந்த காரணமுள்ள பட்டியல் வெறுமையை மூடிவிடும். மாதிரிகள் தேடவும் ஒப்பிடவும், ‘இம்மாற்றத்துக்குக் காரணம் எழுதப்படவில்லை’ என்று கேட்டுவாங்கவும் உதவட்டும். விடையை எழுதும் பேனா முடிவெடுத்தவர் கையிலேயே இருக்க வேண்டும்.

ஆகவே இத்துறையில் ஆய்வேடு எழுதுவோர் முன் வைக்கத்தக்க முன்மொழிவு எளியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து வரிகள்: எது மாறியது, ஏன் மாறியது, எந்த எல்லைவரை மாறலாம், குடும்பத்தின் வேறெந்த உறுப்பைத் தொடும், மீண்டும் மாற்றும் அதிகாரம் யாருக்கு. இவ்வைந்தையும் பாகப்பட்டியலின் வரியோடு பிணைக்கும் மென்பொருளுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. தேவைப்படுவது, ஒரு பட்டறையிலோ ஆலையிலோ மடைப்பள்ளியிலோ பல மாதங்கள் உட்கார்ந்து கேட்கும் பொறுமை. 1954இல் தோன்றிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 2015இல் தொடங்கி ஏர்ப்பேட்டில் இயங்கும் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இத்தகைய களங்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளன. காளஹஸ்திக் கலம்காரித் துணியில் கடுக்காய்ப்பாலில் துணியை நனைப்பது ஏன், வண்ணம் மாறினால் எந்தப் படி மாறும் என்பதும் ஒரு பொருட்குடும்பத்தின் அறிவே.

ஆய்வேட்டின் வெற்றியை அளக்கும் முறையும் மாற வேண்டும். பொதுமைக் குறியீட்டெண் எவ்வளவு உயர்ந்தது என்று கேட்பதற்குப் பதிலாக ஒரு சோதனை நடத்தலாம். அம்முடிவுகள் எடுக்கப்பட்டபோது அங்கு இல்லாத ஒரு பொறியாளரிடம் மென்பொருளைக் கொடுத்து, பத்து மாற்றங்களை முன்மொழிய வேண்டும். அவற்றுள் ஐந்து பாதுகாப்பானவை, ஐந்து குடும்பத்தைக் கெடுப்பவை. எவற்றை ஏற்றார், எவற்றை மறுத்தார், மறுத்ததற்குச் சரியான காரணம் கூறினாரா என்று பார்க்கலாம். பாகப்பட்டியலை மட்டும் பெற்ற இன்னொருவரோடு ஒப்பிடலாம். இச்சோதனையில் தோற்கும் மென்பொருள் எத்தனை கட்டுரைகளில் இடம்பெற்றாலும் அறிவுத்துணை என்ற பெயருக்கு உரியதாகாது.

காலமும் நெருக்குகிறது. 1980களிலும் 1990களிலும் இந்திய ஆலைகளில் பணியேற்ற தலைமுறை ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறது. அவர்கள் விட்டுச்செல்லும் வரைபடங்கள் கணினியில் பத்திரமாக இருக்கும். அவ்வரைபடங்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்ட ‘இதைக் குறைக்காதே’ என்ற குறிப்புக்கு விளக்கம் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சில ஆண்டுகளே கிடைப்பார்கள். பத்து மோட்டார்களின் கணக்கை அடுத்த தலைமுறையும் தீர்க்கலாம். இவர்களிடம் கேட்க வேண்டியதை இத்தலைமுறை ஆய்வு மாணவர்களே கேட்டாக வேண்டும்.